அக்கரைக்குப் போய்வந்தேன்

அன்பின் மச்சான்,

உன் கடிதம் வந்து மூன்று கிழமை. பதில் போடப் பிந்திவிட்டது, கோபிக்காதே. முழங்கால் நோவு எப்படி இருக்கிறது? எண்ணெய் பூசினால் மட்டும் போதாது, டொக்டரிடம் காட்டு. இங்கே எல்லோரும் சுகம். மகளுக்கு லொசானில் வேலை கிடைத்துவிட்டது. எனக்குப் பென்சனுக்கு இன்னும் இரண்டு வருஷம்.

போன ஞாயிறு மனுசியைக் கூட்டிக்கொண்டு இவ்வார் போனேன். உனக்கு அந்தப் பெயர் ஞாபகம் இருக்காது. 1989இல் சுவிஸில் நியோனுக்கு வந்த புதிதில், 'ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு கோட்டை தெரியுது' என்று எழுதியிருந்தேனே, அதுதான். நான் கோப்பை கழுவிய ரெஸ்ரோரண்டின் பின்கதவைத் திறந்தால் ஏரி. வானம் தெளிவாக இருந்தால் அக்கரையில் சதுரமாக ஒரு கல் கோபுரம் நிற்கும். இரவில் நாலைந்து வெளிச்சம். சிகரெட் பிடிக்கப் போகிறபோதெல்லாம் அதைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பேன்.

கப்பலில் இருபது நிமிஷம். குறிகட்டுவானிலிருந்து நயினாதீவுக்கு லாஞ்சில் போகிற நேரம், அவ்வளவுதான். ஆனால் அது பிரான்ஸ். அகதி விண்ணப்பம் போட்டவர்களுக்குத் தருகிற அட்டையை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட ஏலாது. பிறகு கடவுச்சீட்டு வந்தது. ஆனால் அதற்குள் பிள்ளைகள், இரண்டு வேலை, வீட்டுக் கடன். இந்த முறை மகள்தான் ரிக்கெற் எடுத்துக் கையில் தந்தாள். இறங்கின இடத்தில் ஒருவரும் ஒன்றும் கேட்கவில்லை. நான்தான் சட்டைப் பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன், பழைய பழக்கம்.

சின்ன ஊர் மச்சான். பத்து நிமிஷத்தில் இந்தத் தலையிலிருந்து அந்தத் தலைக்கு நடந்துவிடலாம். 1306இல், அப்போது இந்தப் பக்கத்தை ஆண்ட சவோய் கோமகன் ஐந்தாம் அமேதே இதைக் கோட்டையாக்கத் தொடங்கியிருக்கிறார். காரணம் போய் நின்றால் விளங்கும். அகலமான பெரிய ஏரி முடிந்து, ஜெனீவாப் பக்கம் ஒடுங்குகிற இடத்தில் ஊர் மூக்கு நீட்டிக்கொண்டு நிற்கிறது. யார் தோணியில் போனாலும் இவர்கள் கண்ணில் பட்டே ஆகவேண்டும். மதிலும் கல் வாசல்களும் இன்னும் நிற்கின்றன. தேவாலயக் கோபுரத்துக்கு எவர்சில்வர் தகடு போட்டிருக்கிறார்கள், வெயிலில் எங்கள் வீட்டுக் குடம் மாதிரி மின்னுகிறது. மனுசி அதைத்தான் அதிகம் படம் எடுத்தாள். ஜன்னலெல்லாம் பூச்சட்டி. பூ கொஞ்சம் கூடிப்போச்சு என்றே சொல்வேன். கடைகளில் சோப்பும் ஐஸ்கிரீமும் விற்கிறார்கள், சனநெரிசலில் கல் தெரு தெரியவில்லை.

கோட்டையின் பழைய மரக்கறித் தோட்டத்தை 1988இல் ஐம்புலன் தோட்டமாக்கித் திறந்திருக்கிறார்கள். ஒவ்வொரு புலனுக்கும் ஒரு பகுதி. வாசனைப் பகுதியில் மனுசி ஒவ்வொரு இலையாகக் கசக்கி மோந்துபார்த்து, 'கற்பூரவள்ளி இல்லையே' என்றாள்.

மத்தியானம் பெர்ஷ் மீன். பட்டரில் பொரித்து, எலுமிச்சை பிழிந்து, உருளைக்கிழங்குப் பொரியலோடு தருவார்கள். இந்த ஏரிக்கரை முழுக்க அதுதான் பேர்போன சாப்பாடு. ஏரியில் பிடிபடுகிற மீன் இத்தனை சனத்துக்குக் காணாது, பாதிக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருவதுதான். ரெஸ்ரோரண்டில் வருஷக்கணக்காக மீன் பெட்டி உடைத்தவன் நான், எனக்குத் தெரியாதா? பரிமாற வந்த பெடியனிடம் எங்கத்தே மீன் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே மெனுவின் அடியில் பொடி எழுத்தைக் காட்டினான். போலந்து. மனுசி கைப்பையிலிருந்து மிளகுத்தூளை எடுத்தாள்.

சரி, இதையெல்லாம் உனக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தக் கோட்டைக்குள் போக விடமாட்டார்கள். தனியார் சொத்து, 17ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரே குடும்பத்தின் கையில். 1536இல் சுவிஸ் பக்கத்துப் பேர்ன்காரர் இந்தக் கரையைப் பிடித்தார்கள். அந்த நூற்றாண்டுச் சண்டைகளில் கூரை போய், ஏறக்குறைய 350 வருஷம் மொட்டையாக நின்றிருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் அந்தக் குடும்பத்து ஆள் ஒருவர் திரும்பக் கூரை போட்டாராம். நான் பின்கதவில் நின்று பார்த்தது அந்தப் புதுக் கூரையை. மதிலோரம் வெகுநேரம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். 'கழுத்து நோகப்போகுது, வாங்கோ' என்று மனுசி இழுத்துக்கொண்டு போனாள்.

மயிலிட்டி வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். சுவர் நல்லாக இருக்கிறது, அடுக்களைக்குள் வேம்பு முளைத்திருக்கிறது, வாங்க ஆள் இருக்கிறது, கொடுக்கலாமா என்று. இப்போதைக்கு ஒருவருக்கும் சொல் கொடுக்காதே. வேம்பை வெட்டவும் வேண்டாம். ஒரு நல்ல மேசனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டு. ஓடு போட எவ்வளவு முடியும், சீற் போட எவ்வளவு முடியும் என்று தனித்தனியாகக் கேட்டு எழுது.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி