பரிசு மோட்டாரின் கிராண்ட் யார் பெயரில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சுங்கை சிப்புட் தோட்டப் பகுதிகளில் கோயில் திருவிழாவோ ஆண்டு விருந்தோ நடந்தால், அதிர்ஷ்டக் குலுக்கில் முதல் பரிசு பெரும்பாலும் மோட்டார் சைக்கிள்தான். குடும்பத்துக்குள்ளும் மாமாவின் பழைய கப்சாய் மோட்டார் மருமகனுக்குப் போகிறது. சாவியையும், கிராண்ட் எனும் வண்டி உரிமைப் பத்திரத்தையும் கையில் கொடுத்ததோடு காரியம் முடிந்தது என்று இரு தரப்பும் இருந்துவிடுகிறார்கள். பெயர் மாறும்வரை சம்மன் பழையவருக்கே வரும். ரோட் டேக்ஸும், ஜேபிஜே எனும் சாலைப் போக்குவரத்து இலாகாவின் மைஜேபிஜே செயலியில் அவர் கணக்கில்தான் இருக்கும். மலேசியாவின் 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி, வண்டி கைமாறிய 7 நாளுக்குள் அவர் ஜேபிஜேவுக்குத் தெரிவிக்க வேண்டும்.

ஏற்பாட்டுக் குழுவினரே, புது மோட்டாரைச் சங்கத்தின் பெயரில் பதியாதீர்கள். குலுக்கல் முடியும்வரை பதியாமல் கடையிலேயே வைத்திருந்து, பரிசு பெற்றவரின் மைகார்டு அடையாள அட்டையைக் கொடுத்து நேராக அவர் பெயரில் பதியச் சொல்லுங்கள். சங்கத்தின் பெயரில் பதிந்தால் அவர் இரண்டாவது உரிமையாளர் ஆகிவிடுவார். சங்கப் பிரதிநிதி அங்கீகாரக் கடிதத்தோடு கவுண்டரில் வந்து நிற்கவும் வேண்டும். பதிவு, காப்புறுதி, நம்பர் பிளேட் செலவு யாருடையது என்பதைக் குலுக்கல் சீட்டிலேயே அச்சிடுவது நியாயம். 150 சிசி வரை ரோட் டேக்ஸ் 2 ரிங்கிட்தான். பணம் போவது காப்புறுதிக்கு.

பழைய வண்டி என்றால் கடன் பாக்கி, சம்மன் இரண்டையும் முதலில் தீர்த்துவிடுங்கள். பிறகு இஞ்சின், சேஸி எண்களைப் பாருங்கள். செம்மண்ணும் எண்ணெயும் அப்பிய இஞ்சினை மண்ணெண்ணெய் தொட்ட பிரஷால் தேய்த்து, சாக்பீஸை மேலே பூசித் துடைத்தால் பள்ளத்தில் வெள்ளை நின்று எண் தெளியும். 8ஐ 'B' என்று படித்துவிடாமல் கிராண்டோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட வேண்டும். இஞ்சின் மாற்றிய வண்டி இங்கேதான் மாட்டும். அதைப் பழைய உரிமையாளரே சரிசெய்து தரட்டும். இல்லாவிட்டால் பெற்றவர் தலையில்தான் விடியும்.

அடுத்து, பெறுபவர் பெயரில் காப்புறுதி. கொடுத்தவரின் காப்புறுதி வண்டியோடு வராது. இழப்பீடு கோராமல் ஓட்டியதற்காக அவர் சேர்த்த என்சிடி கழிவும் அவருக்கே உரியது. 'பெயர் மாற்றத்துக்கு' என்று முகவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். வெறும் புதுப்பிப்பாகப் போட்டாலும், வண்டி எண்ணில் ஓர் எழுத்து பிசகினாலும், ஈப்போ ஜேபிஜே வரை போய் வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

அங்கே கொடுப்பவர், பெறுபவர் இருவரும் மைகார்டோடு நேரில் வந்து கட்டைவிரல் ரேகை பதிக்க வேண்டும். ரப்பர் பால் வெட்டியும் செம்பனைக் குலை தூக்கியும் தேய்ந்த விரலை இயந்திரம் சுலபத்தில் ஏற்பதில்லை. பெரியவர்களின் ரேகையையும் மைகார்டு சிப்பையும் முன்கூட்டியே ஜேபிஎன் எனும் தேசியப் பதிவு இலாகாவில் சரிபார்த்துக்கொண்டு போவது நல்லது.

உரிமையாளர் இறந்துவிட்டால் சொத்து நிர்வாகம் செய்யும் அமானா ராயா நிறுவனம் போன்ற வழிகளில் வாரிசுரிமை ஆவணம் பெற்ற பிறகுதான் பெயரை மாற்ற முடியும். தாத்தா தம் வண்டியைப் பேரனுக்கென்று சொல்லியிருந்தால், அவர் பஸ் ஏறி இறங்க முடிகிறபோதே ஈப்போவுக்குக் கூட்டிப் போய்விடுங்கள்.

இப்படிக்கு,
வாசகர், சுங்கை சிப்புட், பேராக்