தொழிலாளி போய் நிற்க ஒரு வாசல்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று எழுதியிருந்தாய். அதை இரண்டு தடவை படித்தேன். உன் மகள் தடையற்ற வர்த்தக ஒப்பந்தங்களைப் பற்றி ஆய்வுக் கட்டுரை எழுதுகிறாள் என்பதில் எனக்கு உன்னைவிடச் சந்தோஷம் அதிகம். பணி ஓய்வுக்குப் பிறகு நான் அதிகம் படித்துக்கொண்டிருப்பதே இந்த விஷயத்தைத்தான். தொழிற்சங்கத்தின் படிப்பு வட்டத்தில் இளைஞர்கள் கேட்கிற கேள்விகளுக்காகவே படித்தாக வேண்டியிருக்கிறது.

"வர்த்தகம் பெருகினால் நாட்டுக்கு லாபம்தானே, தொழிலாளிகள் ஏன் எதிர்க்கிறார்கள்?" என்று அவள் கேட்டதாக எழுதியிருக்கிறாய். நியாயமான கேள்வி. லாபம் உண்டு, அதை மறுக்க வேண்டியதில்லை. கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தம் 1989-இல் நடைமுறைக்கு வந்தது. அதைப் பற்றிப் பொருளாதார அறிஞர் டேனியல் ட்ரெஃப்ளர் எழுதிய ஆய்வை அவளைப் படிக்கச் சொல். இறக்குமதி வரி மிக அதிகமாக வெட்டப்பட்ட கனடியத் தொழில்களில் வேலைவாய்ப்பு 12 சதவீதம் விழுந்தது. அதே தொழில்களில் உழைப்பின் உற்பத்தித்திறன் 15 சதவீதம் உயர்ந்தது. இரண்டும் உண்மை. ஆனால் உற்பத்தித்திறன் உயர்ந்தபோது அந்த 12 சதவீதத்தில் இருந்தவர்கள் ஆலைக்குள் இல்லையே! விலை குறைவது எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்கிறது. வேலை போவது மட்டும் ஒரே ஊரின் தலையில், ஒரே நாளில் வந்து விழுகிறது.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் கேல்ஸ்பர்க் என்று ஓர் ஊர், 33,000 பேர் அளவில் மக்கள்தொகை. மேடாக் நிறுவனத்தின் குளிர்பதனப் பெட்டி ஆலைதான் அங்கே பெரிய வேலை கொடுக்கும் இடம். ஆலையை மூடப்போவதாக 2002 அக்டோபரில் அறிவித்தார்கள், 2004 செப்டம்பரில் மூடினார்கள். ஏறத்தாழ 1,600 வேலைகள் போயின. உற்பத்தி மெக்சிகோவின் ரெய்னோசா நகருக்குப் போனது. அப்பாவும் பிள்ளையும் ஒரே ஆலையில் வேலை பார்க்கும் ஊர்களில் இப்படி நடந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். வீட்டை விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போகலாம் என்றால், எல்லோரும் ஒரே நேரத்தில் விற்க நிற்கிறார்கள், வாங்க ஆள் இல்லை. ஆலை கட்டிவந்த வரி நின்றுபோவதால் நகராட்சியின் வருமானம் சுருங்குகிறது. ஆலைத் தொழிலாளியின் சம்பளத்தை நம்பியிருந்த முடிதிருத்துபவர், மெக்கானிக், டீக்கடைக்காரர் யாருக்கும் எந்தப் பட்டியலிலும் இடமில்லை.

பொருளாதார அறிஞர்கள் ஷுஷானிக் ஹகோபியானும் ஜான் மெக்லாரனும் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. அமெரிக்கா, கனடா, மெக்சிகோ மூன்றும் செய்துகொண்ட நாஃப்டா ஒப்பந்தத்தால் அதிகம் பாதிக்கப்பட்ட அமெரிக்கப் பகுதிகளில், இறக்குமதியோடு நேரடியாகப் போட்டி போடாத சேவைத் தொழில்களில் இருந்தவர்களின் ஊதிய வளர்ச்சிகூட மந்தமானது. பள்ளிப்படிப்பை முடிக்காதவர்கள்தான் மிகவும் அடிபட்டார்கள்.

அமெரிக்காவில் மறுவாழ்வுத் திட்டம் ஒன்று இருந்தது. இறக்குமதியால் வேலை இழந்தவர்களுக்குப் பயிற்சியும் உதவித்தொகையும் தருவது, 1962-இல் தொடங்கியது. ஒவ்வொரு ஆலைக்கும் தனியாக மனுப்போட்டு, வேலை போனதற்கு வர்த்தகம்தான் காரணம் என்று தொழிலாளர் துறையிடம் சான்று வாங்க வேண்டியிருந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு வெல்டரைக் கணினி வகுப்பில் உட்காரவைப்பதை மறுவாழ்வு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஏதோ ஒரு பிடிமானமாக இருந்தது. அதுவும் நீட்டிக்கப்படாமல் 2022 ஜூலையோடு புதிய மனுக்களுக்குக் கதவடைத்துவிட்டது.

அப்படியானால் வேலை போய்ச் சேர்ந்த மெக்சிகோ செழித்ததா என்று மகள் கேட்பாள். எல்லை நகரங்களில் ஆலைகள் பெருகின, உண்மை. கிராமத்தில் கதை வேறு. அமெரிக்க அரசின் மானியத்தோடு விளைந்த மக்காச்சோளம், மெக்சிகோவின் சிறு விவசாயி மழையை நம்பி விளைவித்த சோளத்தோடு சந்தையில் போட்டிக்கு வந்தது. வரியைப் படிப்படியாகக் குறைக்க 15 ஆண்டு அவகாசம் தாளில் இருந்தது. மெக்சிகோ அரசோ வரியில்லாமல் அனுமதித்த ஒதுக்கீட்டுக்கு மேல் வந்த சோளத்துக்கும் விதிக்க வேண்டிய வரியை வசூலிக்காமல் விட்டது. அவகாசம் முழுதாக முடிந்த 2008 ஜனவரியில் விவசாயிகள் மெக்சிகோ சிட்டியில் ஊர்வலம் போனார்கள்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்ததற்கு வருகிறேன். வரி எவ்வளவு குறைகிறது என்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். புகார் செய்யும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பார்ப்பவர்கள் குறைவு. மகளிடம் இரண்டு வழக்குகளை அருகருகே வைத்துப் படிக்கச் சொல்.

முதலாவது, மெடல்கிளாட். இந்த அமெரிக்க நிறுவனம் மெக்சிகோவின் குவாதல்காசர் என்ற சிற்றூராட்சியில் அபாயகரமான கழிவுகளைப் புதைக்கும் கிடங்கு அமைக்கப் போனது. அந்த இடத்தில் பழைய நச்சுக்கழிவு ஏற்கெனவே கிடந்தது. ஊர்மக்கள் எதிர்த்தார்கள், ஊராட்சி கட்டட அனுமதி தரவில்லை. நிறுவனம் நாஃப்டாவின் முதலீட்டு அத்தியாயத்தைக் காட்டி 1997-இல் நேராக நடுவர் மன்றம் போனது. தன் நாட்டு அரசின் சம்மதம்கூட அதற்குத் தேவைப்படவில்லை. 2000 ஆகஸ்டில் தீர்ப்பு: மெக்சிகோ அரசு ஏறத்தாழ 1.67 கோடி டாலர் நஷ்ட ஈடு தர வேண்டும். பிறகு கனடிய நீதிமன்றம் ஒன்று தீர்ப்பின் ஒரு பகுதியை ரத்து செய்தது, ஆனால் நஷ்ட ஈட்டின் பெரும்பகுதி நின்றது.

இரண்டாவது, குவாத்தமாலா. மத்திய அமெரிக்க நாடுகளோடு அமெரிக்கா செய்த ஒப்பந்தத்தில் தொழிலாளர் அத்தியாயம் ஒன்று உண்டு. சங்கம் அமைத்ததற்காக வேலைநீக்கம் செய்கிறார்கள், நீதிமன்றம் மீண்டும் வேலை கொடுக்கச் சொன்னாலும் முதலாளிகள் மதிப்பதில்லை என்று குவாத்தமாலாவின் ஆறு சங்கங்களும் அமெரிக்கத் தொழிற்சங்கக் கூட்டமைப்பும் 2008-இல் புகார் கொடுத்தன. யாரிடம்? அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம். சங்கத்துக்கு நேரடியாக வழக்காட உரிமை இல்லை. அரசு மனசு வைத்தால்தான் வழக்கு. பேச்சுவார்த்தை, இடைநிறுத்தம், மறுபடி தொடக்கம் என்று இழுத்து, தீர்ப்பு 2017-இல் வந்தது. எட்டு வேலையிடங்களில் 74 தொழிலாளர்கள் விஷயத்தில் நீதிமன்ற உத்தரவை நிறைவேற்ற குவாத்தமாலா அரசு தவறிவிட்டது என்று நடுவர் மன்றமே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தத் தவறு வர்த்தகத்தைப் பாதிக்கும் விதத்தில் தொடர்ந்து நடந்ததாக நிரூபிக்கப்படவில்லை என்று சொல்லிப் புகாரைத் தள்ளிவிட்டது.

இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒன்பது வருடம் காத்திருந்து, உங்களுக்கு அநியாயம் நடந்தது மெய்தான், அது வியாபாரத்தைப் பாதிக்கவில்லை என்று கேட்பது எப்படி இருந்திருக்கும் அந்த 74 பேருக்கு? மெடல்கிளாட் நிறுவனத்துக்கோ நான்கு வருடத்துக்குள் பணம் தரச்சொல்லித் தீர்ப்பு.

இது மாற்ற முடியாத விதியும் அல்ல. நாஃப்டாவுக்குப் பதிலாக 2020 ஜூலையில் வந்த ஒப்பந்தத்தில், ஒரு குறிப்பிட்ட ஆலையின் மேலேயே விரைவாகப் புகார் கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சங்க உரிமையை மறுக்கும் ஆலையின் பொருளுக்கு வரிச்சலுகையை நிறுத்தலாம். மெக்சிகோவின் சிலாவ் ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் 2021 ஏப்ரலில் பழைய சங்கத்தின் ஊதிய ஒப்பந்தத்தின் மீது வாக்கெடுப்பு நடந்தபோது வாக்குச்சீட்டுகள் அழிக்கப்பட்டிருந்தன. அடுத்த மாதமே புகார். ஆகஸ்டில் கண்காணிப்போடு மறுவாக்கெடுப்பு நடந்து, பழைய ஒப்பந்தத்தைத் தொழிலாளிகள் நிராகரித்தார்கள். 2022 பிப்ரவரியில் சுயேச்சையான புதிய சங்கம் நான்கில் மூன்று பங்குக்கு மேல் வாக்கு வாங்கி வென்றது. மே மாதம் 8.5 சதவீத ஊதிய உயர்வு கையெழுத்தானது. எல்லாம் ஒரே வருடத்தில்!

இதிலும் ஓரவஞ்சனை உண்டு. மெக்சிகோ ஆலைகள் மீது எளிதாகத் தொடுக்கக்கூடிய இந்தப் புகாரை அமெரிக்க ஆலைகள் மீது தொடுப்பது மிகக் கடினம். அங்குள்ள தொழிலாளர் வாரியத்தின் உத்தரவு ஏற்கெனவே இருந்தால்தான் முடியும். இருந்தாலும் எனக்குச் சிலாவ் பெரிய ஆறுதல். தொழிலாளிக்கும் போய் நிற்க ஒரு வாசலும், கெடுவும், மீறினால் விலையும் எழுதிவைத்தால் ஒப்பந்தத்தாள் அவனுக்கும் வேலை செய்கிறது.

அதனால் மகளை முன்னுரையையும் வரி அட்டவணையையும் தாண்டிப் போகச் சொல். எந்த ஒப்பந்தத்தை எடுத்தாலும் தகராறு தீர்க்கும் அத்தியாயத்தை முதலில் திறக்கட்டும். தொழிலாளர் அத்தியாயம் அந்த வழிமுறைக்குள் வருகிறதா, இல்லை, "இரு தரப்பும் கலந்தாலோசிக்கும்" என்பதோடு நின்றுவிடுகிறதா என்று பார்க்கட்டும். பேச்சுவார்த்தை நடக்கும்போது வரைவை யாரெல்லாம் பார்த்தார்கள் என்பதும் கேட்க வேண்டியது. பெரும்பாலும் கையெழுத்தாகும் கட்டத்தில்தான் சங்கங்கள் முழு வாசகத்தையும் பார்க்கின்றன. அப்போது ஒரு கமாவைக்கூட மாற்ற முடியாது.

குவாத்தமாலா தீர்ப்பிலிருந்து படிப்பு வட்டத்துக்காக நான் எடுத்த குறிப்புகளைத் தனியாக அனுப்புகிறேன். கையெழுத்து கிறுக்கலாக இருக்கும், நீ வாசித்துக் காட்டு. கட்டுரையின் முதல் வரைவு தயாரானதும் எனக்கு ஒரு படி வேண்டும். என்னோடு உடன்படாத இடங்களைக் கோடிட்டு அனுப்பச் சொல், அவற்றைத்தான் முதலில் படிப்பேன்.

அன்புடன்,
உன் பழைய தோழி