தோப்பைக் கைமாற்றிவிட்டோம்: உங்கள் எல்லோருக்கும் என் நன்றி

ஊர் மக்களுக்கும், உறவுகளுக்கும், எங்கிருந்தோ வந்து உதவிவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போனவர்களுக்கும் வணக்கம்.

தை மாதம் 20ஆம் தேதி பேராவூரணியில் பத்திரம் பதிவாகிவிட்டது. ஒன்றரை ஏக்கர் தென்னந்தோப்பு, அதை ஒட்டின ஒன்றரை மா (ஏறக்குறைய அரை ஏக்கர்) வயல், போர்வெல், மோட்டார் கொட்டகை, மாட்டுக் கொட்டகை எதுவும் இனி எங்களுடையது இல்லை. 2006இல் என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் உழைத்து அனுப்பிய பணத்தில் வாங்கியது. அவர் இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், மரங்களை ஒன்றுவிடாமல் எண்ணிப் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் பார்த்துக்கொண்டவள் நான். இல்லை, நான் மட்டும் இல்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

ஏன் விற்றோம் என்று என்னிடம் கேட்கத் தயங்கி, பலர் என் தங்கையிடம் கேட்டிருக்கிறீர்கள். எனக்கு இரண்டு கிட்னியும் வேலை செய்யவில்லை. 2024 மாசியிலிருந்து செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அதற்காக இடது கையில் இரத்தக் குழாய்கள் இரண்டை இணைத்து வைத்திருக்கிறார்கள், பிஸ்டுலா என்பார்கள். அந்த இடத்தில் விரலை வைத்தால் தூரத்தில் மோட்டார் ஓடுவது மாதிரி ஒரு அதிர்வு தெரியும். அந்தக் கையால் குடம் தூக்கக் கூடாது, மண்வெட்டி பிடிக்கக் கூடாது, அதன் மேல் ஒருக்களித்துப் படுக்கவும் கூடாது. ஒற்றைக் கையால் தோப்பு பார்க்க முடியாது. ஒரு வருஷம் முயன்று பார்த்தேன். முடியவில்லை.

முதலில் எங்கள் வீட்டுக்கு வந்து பிரஷர் பார்த்த சுகாதாரத் தன்னார்வலர் தங்கைக்கு நன்றி. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் வந்த பிறகு, பையை மாட்டிக்கொண்டு வெயிலில் வீடு வீடாக நடந்தவர். எனக்கு 190க்கு 110 இருந்தது. "அக்கா, உடனே போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்" என்றார். காய் வெட்டு முடியட்டும், நடவு முடியட்டும், அறுப்பு முடியட்டும் என்று நான் தள்ளிப்போட்டேன். மூட்டு வலிக்கும் இடுப்பு வலிக்கும் மெடிக்கலில் சொல்லி வாங்கின மாத்திரையை ஆறேழு வருஷமாகத் தினமும் போட்டுக்கொண்டிருந்ததையும் அவரிடம் சொல்லவில்லை. கடைசியில், கிட்னி கெடக் கெட இரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் 8க்கு மேல் போன பிறகுதான் போனேன். பிரஷரும் வலி மாத்திரையும் சேர்ந்து கிட்னியைத் தின்றுவிட்டன என்றார் டாக்டர். தங்கச்சி, நீ சொன்னதைக் கேட்காதது என் தப்பு. களையெடுக்கவும் நடவுக்கும் போகிற அக்கா தங்கைகள் எல்லோரும் அவள் வந்தால் கையை நீட்டுங்கள். வலி மாத்திரையை டாக்டர் எழுதிக் கொடுக்காமல் வாங்கிப் போடாதீர்கள்.

அப்புறம் கஜா புயல்.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியலுக்கு முன்னால் நடந்ததை இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில். நானும் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த மகளும் ஓட்டு வீட்டில். ஓடுகள் ஒவ்வொன்றாகப் பறக்க ஆரம்பித்தபோது கதவைத் தட்டியது மேலவயல் அண்ணன். எங்கள் நிலத்துக்கு அடுத்த நிலம் அவருடையது. வரப்பில் ஒரு அடி யாருக்கு என்று தகராறாகி ஆறு வருஷமாக இரண்டு குடும்பமும் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்தோம். அவர் டார்ச்சோடு வந்து, "பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வா" என்றார். மாட்டின் கயிற்றை அவரே அறுத்துவிட்டார். அவருடைய மாடி வீட்டில், உள்ளறையில் பதினான்கு பேர் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு மரமாக முறியும் சத்தம் கேட்டது.

எங்களுக்கு இருந்தது 104 மரம். விடிந்து பார்த்தபோது நின்றது 17. அண்ணனுடைய மரங்கள் எங்கள் பக்கமும் எங்கள் மரங்கள் அவர் பக்கமும் விழுந்து கிடந்தன. அடித்துக்கொண்ட அந்த வரப்பு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை. அன்றைக்குப் பேச ஆரம்பித்த அண்ணன்தான், இன்றைக்குத் தோப்பை வாங்கியிருப்பவர். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மரம் அறுக்கிற மிஷினோடு திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தோப்பில் நான்கு நாள் தங்கின தம்பிகளுக்கு நன்றி. டீசலுக்கு மட்டும் காசு வாங்கினீர்கள். கம்பம் நட்டுக் கம்பி இழுத்த வெளி மாவட்டத்து மின்வாரிய ஊழியர்களுக்கு நன்றி. கொட்டும் மழையில் சேற்றுக்குள் நின்று கம்பத்தைத் தோளில் சுமந்ததை நான் பார்த்தேன். உங்களுக்கு ஒரு சொம்பு மோர் கொடுக்கக்கூட அப்போது வீட்டில் ஒன்றும் இல்லை. அரசாங்கம் ஒரு மரத்துக்கு 600 ரூபாயும், வெட்டி அகற்ற 500 ரூபாயும் கொடுத்தது. அதற்கு மனு எழுதி, ஒவ்வொரு மரத்தையும் போட்டோ எடுத்துக் கொடுத்தது இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திய சார் ஒருவர். நன்றி சார்.

அடுத்த வருஷம் பொள்ளாச்சிப் பக்கமிருந்து ஒரு லாரியில் தென்னம்பிள்ளைகள் வந்தன. நெட்டை குட்டை ரகம். எங்கள் பங்குக்கு 80 கொடுத்தார்கள். இறக்கி வைத்துவிட்டு, எப்படி நட வேண்டும் என்று ஒரு குழியை வெட்டியே காட்டிவிட்டுப் போனார்கள். மூன்றடி ஆழம், மூன்றடி அகலம், அடியில் மணலும் மக்கின எருவும். அந்த லாரியில் வந்த பையன்கள் யார், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. அவர்களில் யாராவது இதைப் படித்தால் தெரிந்துகொள்ளுங்கள்: 80இல் 74 பிழைத்துவிட்டது.

அந்த 74ஐப் பிழைக்க வைத்தது சாதாரண விஷயம் இல்லை. விழுந்த மரங்கள் அங்கங்கே அழுகிக் கிடந்ததில் காண்டாமிருக வண்டு பெருகி, இளங்கன்றுகளின் குருத்தைத் துளைத்துக்கொண்டே இருந்தது. ஆமணக்குப் பிண்ணாக்கைத் தண்ணீரில் கரைத்துப் பானையில் வைத்தால் வண்டு வந்து விழும் என்றும், வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கும் மணல் இரண்டு பங்கும் கலந்து குருத்துக்குப் பக்கத்து மட்டை இடுக்கில் போடச் சொல்லியும் வேளாண்மைத் துறை அதிகாரி அம்மா சொல்லிக் கொடுத்தார். பக்கத்து வீட்டுப் பையன், அப்போது ஏழாவது படித்தவன், வளைத்த கம்பியால் வண்டைக் குத்தி எடுப்பதில் கெட்டிக்காரன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையைத் திண்ணையில் போட்டுவிட்டு ஒரு சுற்று சுற்றி வருவான். நான் கூப்பிட்டதே இல்லை. தம்பி, அந்த மரங்கள் நிற்பது உன்னால்.

2023 கடைசியில் முதல் பாளை விட்டது. அடுத்த சித்திரையில் இளநீர் பருவம். எங்களுக்கு வருஷக்கணக்காக மரம் ஏறின சித்தப்பா, கஜாவுக்குப் பிறகு ஏற மரம் இல்லாமல் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்குப் போயிருந்தவர், அப்போதுதான் திரும்பி வந்திருந்தார். புது மரத்தில் ஏற வேண்டிய வேலையே இல்லை, கையெட்டும் உயரம். முதல் குலையில் ஒன்றை வெட்டி, சீவி, டயாலிசிஸ் முடிந்து வந்து திண்ணையில் கிடந்த என் கையில் கொண்டுவந்து கொடுத்தார். "குடி ஆத்தா, உடம்பு தெம்பாகும்" என்றார்.

எனக்கு இளநீர் கூடாது. கிட்னி வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் பொட்டாசியம் தேங்கும், அது ஏறினால் நெஞ்சுத் துடிப்பே நின்றுவிடும். இளநீரில் அது அதிகம். வாழைப்பழத்தில், கீரையில், தக்காளியில் எல்லாம் அதிகம். பத்தொன்பது வருஷமாக நான் வளர்த்ததெல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. என் வீட்டுக்காரர்தான் சித்தப்பாவிடம் சொன்னார். சித்தப்பா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அவரும் குடிக்கவில்லை. நான் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன், குளிர்ச்சியாக இருந்தது. அப்புறம் வண்டு எடுத்த பையனைக் கூப்பிட்டுக் கொடுத்தேன். அவன் குடித்து முடிக்கிற வரைக்கும் மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். சித்தப்பா, அன்றைக்கு நீங்கள் தெரியாமல் கொடுத்ததை நினைத்து இன்னும் வருத்தப்படுகிறீர்களாம். வேண்டாம். அந்தத் தோப்பில் எனக்குக் கிடைத்த நல்ல நாள்களில் அது ஒன்று.

வயலைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2012இல் திருத்துறைப்பூண்டிக்குப் பக்கத்தில் ஆதிரெங்கத்தில் நடந்த நெல் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பாரம்பரிய நெல் ரகங்களைத் தேடி மீட்ட நெல் ஜெயராமன் அய்யா கையால் இரண்டு கிலோ மாப்பிள்ளைச் சம்பா வாங்கி வந்தேன். அடுத்த வருஷம் நான்கு கிலோவாகத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான் கணக்கு. ஐந்து மாதத்துக்கு மேல் நிற்கிற பயிர், ஆள் உயரத்துக்கு வளரும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். கடைமடையில் கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் எப்போது வரும், எப்போது நிற்கும் என்று தெரியாத எங்களுக்கு அந்த நெல் சரியாக இருந்தது. அய்யா 2018 டிசம்பர் 6ஆம் தேதி காலமானார். அன்றைக்கு எங்கள் தெருவில் கரண்ட் வரவில்லை, டிவி இல்லை. இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குத் தெரியும். போய்க் கடைசியாக ஒரு முறை பார்க்க முடியவில்லை. அவருக்கு என் நன்றியை இங்கேதான் எழுத முடிகிறது.

போன வருஷ நடவுக்கு வந்த அக்காமார் பத்துப் பேரும் வரப்பில் நாற்காலி போட்டு என்னை உட்கார வைத்தீர்கள். நாற்று முடியைக் கொண்டுவந்து என் வலது கையில் கொடுத்து, முதல் குத்தை நான் நட்ட பிறகுதான் வயலில் இறங்கினீர்கள். கூலி வாங்கிக்கொண்டீர்கள், அதுதான் முறை, வாங்காமல் போயிருந்தால் எனக்கு வருத்தமாக இருந்திருக்கும். ஆனால் அந்த முதல் குத்துக்கு நான் என்ன கொடுப்பேன்?

டயாலிசிஸ் போக விடியற்காலை நாலே முக்காலுக்கு வாசலில் நிற்கிற ஆட்டோ தம்பிக்கு நன்றி. காத்திருக்கிற நேரத்துக்கு ஒரு ரூபாய் வாங்கியதில்லை. ஊசி குத்தும்போது கதை சொல்லி என் முகத்தை வேறு பக்கம் திருப்புகிற டெக்னீஷியன் பெண்ணுக்கு நன்றி. முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸுக்குக் காசு கட்டியதில்லை, அந்த அட்டையை அலைந்து வாங்கித் தந்த என் தங்கை வீட்டுக்காரருக்கும் நன்றி.

பக்கத்துப் படுக்கையில் மல்லிப்பட்டினத்து மீனவர் ஒருவர் இருந்தார், நான் அண்ணன் என்று கூப்பிடுவேன். ஒரு நாளைக்கு மொத்தமே ஒரு லிட்டர் தண்ணீர் என்று சொன்னபோது நான் அழுதேன். சித்திரை வெயிலில் சொம்பு சொம்பாகக் குடித்து வேலை செய்தவள் நான். அவர்தான் சின்ன டம்ளரில் ஊற்றிக் குடிக்கவும், தாகம் எடுத்தால் வாய் கொப்பளித்துத் துப்பவும், ஒரு ஐஸ் துண்டை வாயில் அடக்கவும் சொல்லிக் கொடுத்தார். கார்த்திகையில் ஒரு சனிக்கிழமை அவர் வரவில்லை. அவர் குடும்பத்தாருக்கு என் வணக்கம்.

மாட்டைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு: உம்பளச்சேரி மாடும் கன்றும் கீழத்தெருப் பால்கார அக்காவிடம் இருக்கின்றன. நெற்றியில் வெள்ளையோடு சிவப்பாகப் பிறந்த கன்று இப்போது சாம்பல் நிறத்துக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறது. பழைய கயிறு எங்கள் வீட்டு ஆணியில் தொங்குகிறது. கன்று பிறந்த இரவு மழையில் வந்த கால்நடை மருத்துவருக்கும் நன்றி.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து, காய்களை நறுக்கிச் சுடுதண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துவிட்டுச் சமைக்கக் கற்றுக்கொண்டார். அவருக்கு ஊர் முன்னால் நன்றி சொன்னால் பிடிக்காது. ஆனாலும் சொல்கிறேன்.

மேலவயல் அண்ணே. எங்களுக்குப் பணம் அவசரம் என்று உங்களுக்குத் தெரியும். குறைத்துக் கேட்டிருந்தால் கொடுத்திருப்போம். பக்கத்து நிலம் போன விலையையே சொல்லி, ஒரே தவணையில் கொடுத்தீர்கள். பத்திர ஆபீஸ் படியில் இறங்கும்போது, "மோட்டார் கொட்டகைச் சாவி அதே ஓட்டுக்கு அடியில்தான் இருக்கும், வரணும்னு தோணினா வா" என்றீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை வந்தேன். அண்ணி மரங்களுக்கு உரிமட்டை புதைத்துக்கொண்டிருந்தார்கள், நான் செய்கிற மாதிரியே, மட்டையின் குழி மேல் பார்க்க அடுக்கி. பார்த்துவிட்டுப் பேசாமல் வந்துவிட்டேன்.

கடைசியாக ஒரு கணக்கு இருக்கிறது. என்னிடம் மாப்பிள்ளைச் சம்பா விதை இரண்டு கிலோ வாங்கினவர்கள் ஏழு பேர். இந்த அறுப்பில் நான்கு கிலோவாகத் திருப்ப வேண்டும். அதை என் வீட்டுக்குக் கொண்டுவர வேண்டாம். மேலவயல் அண்ணியிடம் கொடுங்கள், இந்த வருஷம் அந்த ஒன்றரை மாவிலும் அதையே விதைக்கப்போகிறார்களாம்.