பழைய புல்லட்டுக்கு ஆட்டோ டென்ஷனர் விற்போருக்கு ஒரு திறந்த மடல்

பழைய இரும்பு என்ஜின் புல்லட்டுக்குப் பிரைமரி செயின் ஆட்டோ டென்ஷனர் செய்கிறவர்களுக்கும், அதைப் பாக்கெட் போட்டு விற்கிற ஸ்பேர் கடைக்காரர்களுக்கும்,

வணக்கம். காரைக்குடியிலிருந்து எழுதுகிறேன். என்ஜினின் ஓட்டத்தைக் கிளட்ச்சுக்குக் கொண்டுபோவது பிரைமரி செயின். அதன் தொய்வைத் தானாகவே எடுத்துக்கொள்ளும் என்று சொல்லி நீங்கள் விற்பது ஆட்டோ டென்ஷனர். உங்கள் சரக்கை வாங்கத்தான் நினைக்கிறோம். எதை வாங்குகிறோம் என்று தெரிந்துகொண்டு வாங்கத்தான் வழியில்லை. பாக்கெட்டின் மேல் ‘ஆட்டோ’ என்று இருக்கிறது, ‘ஹெவி டியூட்டி’ என்று இருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் ஸ்பிரிங்கா, ஸ்பிரிங்கோடு ராட்செட்டும் (ஒரு பக்கம் மட்டும் ஏறவிடும் பல் பூட்டு) சேர்ந்ததா என்று ஒரு வரி கிடையாது. கடையில் கேட்டால், “மாட்டிட்டு மறந்துடுங்கண்ணே” என்கிறார்கள். மறப்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

முதலில், செட்டிநாட்டில் இந்தச் சாமானுக்கு ஏன் கிராக்கி என்று சொல்லிவிடுகிறேன். இங்கே பல புல்லட்டுகளுக்குச் சொந்தக்காரர் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் வீடுகளில் வண்டி முகப்பில் துணி போர்த்தி நிற்கும். கல்யாணம், படைப்பு, கோயில் காரியம் என்று வீடு திறக்கிறபோதுதான் வெளியே வரும். மாதக்கணக்கில் நின்ற வண்டி, ஒரே வாரத்தில் பிள்ளையார்பட்டி, குன்றக்குடி, தேவகோட்டை என்று ஓடித் தீர்க்கும். அந்த ஒரு வாரத்தில் செயின் தொய்வை யார் பார்ப்பது?

பார்த்துச் சரிசெய்வதும் லேசான வேலையில்லை. பழைய புல்லட்டில் கியர்பாக்ஸ் என்ஜினின் முதுகோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கிறது. வேறு சில பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் கியர்பாக்ஸைப் பின்னுக்குத் தள்ளிச் செயினை இறுக்குவார்கள். இதில் அது நடக்காது. செயினின் கீழ்ச்சரத்தை ஒரு பேட் கீழிருந்து தாங்கும், அதை ஸ்க்ரூவால் ஏற்றித்தான் தொய்வைக் குறைக்க வேண்டும். அதற்கு இடது ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் கழற்றி, ஆயிலை வடித்து, நடு நட்டைத் திருகிக் கவரையே எடுக்க வேண்டும். திரும்ப மூடும்போது அந்த ஒற்றை நட்டை மிகையாக முறுக்கினால் கவர் வளையும், ஆயில் கசியும். முகப்பில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் ஆயில் கறை விழுந்தால் ஆச்சியிடம் பதில் சொல்ல வேண்டியவர் மெக்கானிக்தான். ஆகவே ‘ஆட்டோ’ என்ற சொல்லைக் கேட்டதும் இங்குள்ள பட்டறைக்காரர்களுக்கு வாயில் எச்சில் ஊறுவதில் ஆச்சரியமில்லை.

ராயல் என்ஃபீல்டு கம்பெனி இதற்கு இனி ஒன்றும் செய்யப்போவதில்லை. இரும்பு என்ஜின் தயாரிப்பு நின்று வருஷங்கள் ஓடிவிட்டன. 2020இல் வந்த மீட்டியோர் 350இல் பிரைமரி செயினே கிடையாது, கியர்தான். எங்கள் வண்டிகளுக்கு உங்களை விட்டால் ஆளில்லை என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வண்டி இழுக்கும்போது மேல்சரம் விறைக்கும், கீழ்ச்சரம் தொய்யும். ஆக்ஸிலேட்டரை விட்டு என்ஜின் பிரேக்கில் வரும்போது தலைகீழ்: கீழ்ச்சரம் விறைத்து டென்ஷனர் பேடை அழுத்தும். கிக்கரை உதைக்கும்போதும் அப்படியே, ஏனென்றால் அப்போது கிளட்ச் பக்கமிருந்துதான் என்ஜினைச் சுற்றுகிறோம். சிலிண்டர் அழுத்தத்தை விடுவிக்கும் டீகம்ப்ரஸரைப் பிடித்து, மின்னோட்டம் காட்டும் ஆம்ப்மீட்டரின் முள் நடுவுக்கு வருவதைப் பார்த்து உதைக்கிற வண்டி இது. முள்ளைப் பார்க்காமல் உதைத்துக் கிக்கர் எதிர்த்து அடித்தால், அந்த அடியும் கீழ்ச்சரத்துக்குத்தான் போகும். ஸ்பிரிங் மட்டும் உள்ள டென்ஷனர் அந்த நேரத்தில் கொஞ்சம் அமுங்கி, பிறகு எழும். ராட்செட் உள்ளது அமுங்காது. ஒரு பல் ஏறினால் ஏறியதுதான்.

இதோடு சூடு சேர்கிறது. செயினும் அது ஓடும் பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டும் ஸ்டீல். இரும்பு என்ஜின் என்று சொன்னாலும் இரும்பு சிலிண்டரில்தான், என்ஜின் கேஸ் அலுமினியம். அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். என்ஜின் சூடேறும்போது இரண்டு ஸ்ப்ராக்கெட்டுக்கும் நடுவிலுள்ள தூரம் மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு கூடினாலே போதும், செயினின் மேல்கீழ் ஆட்டம் மில்லிமீட்டர் கணக்கில் குறைந்துவிடும். பழைய புல்லட்டுக்கு வழக்கமாகச் சொல்லும் ஆட்டம், செயின் அதிகம் விறைக்கிற இடத்தில் வைத்துப் பார்த்தால், கால் அங்குலம், அதாவது 6 மில்லிமீட்டர். அதில் இரண்டு மூன்று போனால் மிச்சம் என்ன என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராட்செட் என்ன செய்கிறது? வண்டி குளிர்ந்து நிற்கும்போது, அல்லது செயின் ஒரு கணம் துள்ளும்போது, கிடைத்த தொய்வையெல்லாம் எடுத்துக்கொள்கிறது. சூடேறிச் செயின் இடம் கேட்கும்போது தருவதில்லை. வரவை மட்டும் எழுதிக்கொண்டு பற்றுப் பக்கத்தையே திறக்காத கணக்குப்பிள்ளையை எங்கள் ஊரில் ஒரு நாள்கூடப் பெட்டியடியில் உட்காரவிட மாட்டார்கள். இங்கே விலை கொடுப்பது கிராங்க் பேரிங்கும் கியர்பாக்ஸ் மெயின்ஷாஃப்ட் பேரிங்கும். டென்ஷனரின் விலையை அந்த வேலையின் செலவோடு ஒப்பிடவே முடியாது.

இது கற்பனைப் பயம் இல்லை. ஹார்லி டேவிட்சன் பெரிய இரட்டை சிலிண்டர் வண்டிகளில், 2006 டைனா மாடலிலும் அடுத்த ஆண்டு மற்றவற்றிலும், கம்பெனியே ஆட்டோ டென்ஷனரைப் போட்டது. ஆப்பு ஏறுவதுபோல் ஏறி, இறங்காத வகை. செயின் மிகையாக இறுகுகிறது என்று உரிமையாளர்கள் பலர் சொல்ல, அதை எடுத்துவிட்டுப் போடுவதற்கென்றே வெளிச் சந்தையில் இரண்டு விதம் வந்தது: ஹேடன் போன்றவர்களின் வெறும் ஸ்பிரிங் டென்ஷனர் ஒன்று, பழையபடி கையால் வைக்கிற ஸ்க்ரூ இன்னொன்று. அதற்கு முந்தைய, கையால் இறுக்கிய ஹார்லிகளுக்கான கையேட்டில் குளிரில் ஓர் அளவும் சூட்டில் ஓர் அளவும் தனித்தனியே இருக்கும்: குளிரில் 16 முதல் 22 மில்லிமீட்டர், சூட்டில் 9.5 முதல் 16. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். அவ்வளவையும் விட்டுக்கொடுக்கிற டென்ஷனர்தான் ஆட்டோ.

“நூறு சிசி வண்டியில் கேம் செயினுக்கு ராட்செட்தானே போடுகிறான், லட்சம் கிலோமீட்டர் ஓடுதே” என்று உங்கள் ஆட்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேம் செயின் இழுப்பது வால்வுகளை. பிரைமரி செயின் இழுப்பது வண்டியை, மேலே உட்கார்ந்திருக்கும் இரண்டு பேரை, சில சமயம் மூன்றாவதாக ஒரு கேஸ் சிலிண்டரையும். இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

ஹைட்ராலிக் என்று எழுதி விற்பவர்களுக்கு ஒரே கேள்வி: எண்ணெய் அழுத்தம் எங்கிருந்து வருகிறது? இந்த வண்டியின் பிரைமரி கேஸில் ஆயில் சும்மா தேங்கி நிற்கிறது. பம்ப்புக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆட்டோ டென்ஷனரில் இன்னொரு சங்கடம், அது நன்றாக வேலை செய்வதிலேயே இருக்கிறது. தேய்ந்த செயின் தட்டும், கேஸின் உள்ளே உரசும், சத்தம் கேட்டு வண்டி பட்டறைக்கு வரும். டென்ஷனர் தொய்வை விழுங்கிக்கொண்டே போனால் சத்தம் வராது, செயின் சாகக் கிடப்பதும் தெரியாது. செக்காலை ரோட்டுப் பக்கம் ஒரு பட்டறையில் திறந்து கிடந்த பிரைமரி கேஸ் ஒன்றைப் பார்த்தேன். டூப்ளெக்ஸ் (இரட்டை வரிசை) செயின் ஆதலால் பேடில் இரண்டு வாய்க்கால், பென்சில் படுத்துக்கொள்ளும் ஆழத்துக்கு. அரைத்த ரப்பரெல்லாம் ஆயிலோடு குழைந்து மை மாதிரி ஆகி, கிளட்ச் பிளேட்டில் அப்பியிருந்தது. ஒரே ஆயிலில்தானே கிளட்ச்சும் நனைகிறது. வந்தவர் சொன்ன குறை, “கிளட்ச் வழுக்குது.” செயினைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

ஆகவே நாங்கள் கேட்பது இவ்வளவுதான். ஸ்பிரிங்கா, ராட்செட்டா என்று தமிழிலோ ஆங்கிலத்திலோ பாக்கெட்டில் அச்சடியுங்கள். ராட்செட் என்றால், ஏறிய பிறகு எத்தனை மில்லிமீட்டர் பின்வாங்கும் என்பதையும் போடுங்கள். ‘பின்வாங்காது’ என்றால் அதையும் மறைக்காமல் போடுங்கள், வேண்டியவர் வாங்கட்டும். பேட் என்ன பொருள், இருபது ஐம்பது (20W-50) என்ஜின் ஆயிலுக்கும், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் ஆயிலான ஏடிஎஃப்புக்கும் இரண்டுக்கும் தாங்குமா என்று சொல்லுங்கள். ஒட்டிய பேடா, ரிவெட் அடித்த பேடா என்பதும் எங்களுக்கு முக்கியம். பேட் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று காட்ட உடம்பில் ஒரு கோடு வெட்டிவிடுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் செயினை மாற்று என்று அர்த்தம். கோடு வெட்ட என்ன பெரிய செலவு ஆகிவிடப்போகிறது?

வாங்கப்போகும் நம்மூர்க்காரர்களுக்கும் இங்கேயே ஒன்று சொல்லிவிடுகிறேன், மடலை அவர்களும் படிப்பார்கள். எந்த டென்ஷனர் போட்டாலும், தேவகோட்டை வரை ஒரு ஓட்டு ஓட்டிவிட்டு வந்து, என்ஜினை நிறுத்தி, சூடு ஆறுவதற்குள் கவரிலுள்ள சின்ன மூடியைத் திறந்து செயினைத் தொட்டுப் பாருங்கள். கிக்கரைக் கொஞ்சம் கொஞ்சமாக அமுக்கிச் செயினை நகர்த்தி நாலைந்து இடத்தில் பாருங்கள், எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி தேய்ந்திருக்காது. சூட்டிலும் விரலுக்கு ஆட்டம் தெரிந்தால் சரி. கம்பி மாதிரி நின்றால் அன்றைக்கே கழற்றிவிடுங்கள். வாரம் தவறாமல் ஓட்டுகிறவருக்கு ஆட்டோவே வேண்டியதில்லை என்பது என் கட்சி. வருஷத்துக்கு ஒரு தடவை கவரைத் திறந்து ஸ்க்ரூவை வைத்தால் போதும், உள்ளே என்ன நடக்கிறது என்றும் கண்ணில் படும். நின்று நின்று ஓடும் முகப்பு வண்டிகளுக்கு ஸ்பிரிங் வகை பொருந்தும்.

இந்த விவரங்களை அச்சடித்து ஒரு பாக்கெட் வந்தால், இந்தப் பக்கத்துப் பட்டறைகளில் நானே கொண்டுபோய்க் காட்டுகிறேன். அதுவரை என்னிடம் யோசனை கேட்பவர்களுக்குப் பழைய ஸ்க்ரூ டென்ஷனரையும் ஒரு புதுப் பேடையும்தான் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இப்படிக்கு,
பழைய புல்லட் ஓட்டும் ஒருவன்,
காரைக்குடி.