அப்பார்ட்மென்ட் சங்க நிர்வாகிகளுக்கு, பேஸ்மென்ட்ல இருந்து ஒரு மடல்

சார், மேடம் எல்லாருக்கும் வணக்கம். ஓஎம்ஆர் பக்கம் எஸ்டிபி, அதான் அப்பார்ட்மென்ட் கழிவுநீர சுத்தம் பண்ற பிளான்ட், அதுக்கு சர்வீஸ் பாக்குற ஆள் எழுதுறேன். எந்த அப்பார்ட்மென்ட்னு பேர் போடல, படிச்சா அவங்களுக்கே தெரியும்.

ஜிம்முக்கு ட்ரெட்மில்னா மீட்டிங்ல உடனே கை தூக்கிடுறீங்க, பிளான்ட்டுக்குள்ள வர்ற குப்பைய மோட்டார்ல தானா வார்ற மெக்கானிக்கல் ஸ்கிரீன்னு சொன்னா மட்டும் "கம்பி போட்டிருக்குல்ல, தம்பி வாரிடுவான்ல"ங்கிறீங்க. தம்பி என்னத்த வார்றான்னு ஒருநாள் கீழ வந்து பாருங்க. நாப்கின், பேபி வைப்ஸ், பால் கவர், இயர் பட்ஸ், எல்லாத்தையும் தலைமுடி சேத்துக் கட்டி கயிறு மாதிரி முறுக்கி வச்சிருக்கும், காலைல எல்லா வீட்டுத் தண்ணியும் ஒண்ணா இறங்குற நேரம் பாத்துதான் அடைக்கும், அடைச்சா தண்ணி பின்னாடி ஏறி கம்பிக்கு மேலயே வழிஞ்சு போயிடும், அப்புறம் அந்த வைப்ஸ் பம்ப் உள்ள சுத்துற இம்பெல்லர்ல சுத்தி பம்ப் ட்ரிப். பம்ப் மட்டம்னு என்கிட்ட சண்டை வேற!

இதுல பெரிய வித்தை ஒண்ணும் இல்ல. கம்பிக்கு முன்னாடியும் பின்னாடியும் தண்ணி மட்டத்த சென்சார் பாத்துக்கிட்டே இருக்கும், வித்தியாசம் கூடுச்சுன்னா மோட்டார் ஓடும், சீப்பு பல்லு கம்பி இடுக்குல இறங்கி குப்பைய மேல இழுத்து தொட்டில கொட்டிடும். கம்பிக்குக் கம்பி இடைவெளி 6 மி.மீ கேளுங்க, 20 மி.மீ வச்சா வைப்ஸ் மடிஞ்சு நழுவிடும். எம்பிஆர், அதான் மெல்லிசு சவ்வுல தண்ணிய வடிகட்டுற மெம்பிரேன், அது போட்டவங்களுக்கு 6 பத்தாது, 1–3 மி.மீ வேணும். ஒரு இடத்துல எல்லாம் மாட்டியாச்சு, கரண்ட் பில்லுக்குப் பயந்து ஆஃப் பண்ணிட்டு பழைய கம்பிலயே விடுறாங்க, இத என்னன்னு சொல்றது.

முக்கியமான விஷயம் கேஸ். மூடுன சேம்பர்ல ஹைட்ரஜன் சல்பைடு தேங்கும், காத்த விட கனம், அடியிலயே நிக்கும். அளவு கூடுனா மூக்கு மரத்துப்போகும், நாத்தம் போயிடுச்சுன்னு நம்பி இறங்குறவன்தான் செத்துப்போறான். மனுஷன் கையால மலம் அள்ளுறத தடை பண்ண 2013 சட்டம் பாதுகாப்பு இல்லாம சாக்கடைலயும் செப்டிக் டேங்க்லயும் ஆள இறக்கவே கூடாதுங்குது, 2023 அக்டோபர்ல சுப்ரீம் கோர்ட் சாக்கடை சாவுக்கு இழப்பீட்ட 10 லட்சத்துல இருந்து 30 லட்சமாக்குச்சு. ஸ்கிரீன் வெல மட்டும்தான் உங்க கண்ணுக்குத் தெரியுது.

ஸ்கிரீன் மாட்டுற சானல் அகலம், ஆழம், பீக் ஃப்ளோ (அதிகமா தண்ணி வர்ற நேரத்து அளவு) மூணும் அளந்து வச்சிருக்கேன், கேட்டா தர்றேன். கொட்டேஷன் நாலு பேர்ட்ட நீங்களே வாங்குங்க, எங்கிட்டதான் வாங்கணும்னு இல்ல. ஸ்கிரீன் வர்ற வரைக்கும் தம்பிய உள்ள இறங்கச் சொல்லாதீங்க, மேல நின்னு வார்ற மாதிரி நீளக் கைப்பிடி ரேக்கும் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேனும் இந்த வாரமே வாங்கிக் குடுங்க.