ஐந்நூறு பெட்டிகள் போய்ச் சேர்ந்தன: ஒரு நன்றி மடல்

கோவையிலும் சென்னையிலும் எங்களுக்குக் கைகொடுத்த எல்லாருக்கும்,

வணக்கம். போன வாரம் ஐந்நூறாவது பெட்டி கூரியர் வண்டியில் ஏறியது. அதற்கு நான்கு நாள் முன்னால் முதலீட்டுப் பணத்தின் முதல் தவணை வங்கிக் கணக்கில் விழுந்தது. இரண்டுக்கும் சேர்த்து நன்றி சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் யார் பெயரையும் போடவில்லை. படிக்கும்போது அவரவருக்குத் தெரிந்துவிடும்.

பெட்டி என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி: செல்போனை உள்ளே வைத்து மூடி, குமிழைத் திருகி நேரம் வைத்தால், அந்த நேரம் முடியும்வரை திறக்காது. அவ்வளவுதான். இது எங்கள் மூளையில் உதித்ததும் அல்ல. தின்பண்டத்தைப் பூட்டிவைக்க இதே மாதிரி ஒரு டப்பாவைச் செய்து, கிச்சன் சேஃப் என்று பெயர் வைத்து, அமெரிக்காவில் 2014-லேயே ஷார்க் டாங்க் என்ற டிவி நிகழ்ச்சிக்கு, புதுத்தொழில்காரர்கள் முதலீட்டாளர்களிடம் பணம் கேட்கும் மேடைக்கு, கொண்டுபோய்விட்டார்கள். நம் வீட்டுப் பிள்ளைகளின் கையில் அது ஒரு வாரமாவது தாங்க வேண்டும் என்பதுதான் எங்கள் ஆராய்ச்சி முழுவதும்.

முதலில் கணபதி பகுதியில் பட்டறை வைத்திருக்கும் அண்ணனுக்கு. டை, அதாவது பெட்டியை வார்க்கும் அச்சு, செய்ய முழுப் பணத்தையும் முன்னால் கேட்பதுதான் தொழில் வழக்கம். நீங்கள் ஐந்து தவணை கொடுத்தீர்கள். மூன்றாவது தவணைக்கு நாங்கள் வராதபோது, ஆள் அனுப்பாமல், “சாப்பிட்டீர்களா தம்பி?” என்று போன் செய்தீர்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே அம்மாவிடம் போய் நின்றோம். அம்மா ஏலச்சீட்டைத் தள்ளி எடுத்துக் கொடுத்தார். மிக்ஸி மூடி அடிக்கும் மெஷினில் இரவு ஷிப்டு முடிந்த பிறகு எங்கள் பெட்டியை அடித்துக் கொடுத்ததற்கு நீங்கள் தனியாகக் கூலி வாங்கவில்லை என்பது மெஷின் ஓட்டுகிற அண்ணன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது சரவணம்பட்டி டியூஷன் அக்கா. உங்கள் மாடியில் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, “இதைத் திறப்பவர்களுக்குக் கிரிக்கெட் மட்டை” என்று வீரம் பேசியது நான்தான். இரண்டு மணி நேரத்துக்கு நேரம் வைத்துப் பூட்டியிருந்தோம். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் பெட்டியைக் கவிழ்த்தான், காதருகே வைத்து ஒரு முறை குலுக்கினான், பிறகு அடிப்பக்கத்தில் உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான். திறந்துகொண்டது. நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. “எங்கள் வீட்டு ரிமோட்டும் இப்படித்தான் வேலை செய்யும்” என்றான்.

அன்றிரவு பிரித்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. நாங்கள் போட்டிருந்தது சோலனாய்டு பூட்டு, மின்காந்தம் நாக்கை உள்ளே இழுத்துத் திறக்கும் வகை. அதன் நாக்கை வெளியே தள்ளிப் பிடித்திருப்பது மெல்லிய ஸ்பிரிங் ஒன்றுதான். சரியான திசையில் அதிர்ச்சி கொடுத்தால் நாக்கு ஒரு கணம் உள்ளே போய் வரும். அந்த ஒரு கணம் அவனுக்குப் போதும். அதைக் கழற்றிவிட்டு, சின்ன கியர் மோட்டார் வைத்துக் கொக்கியைத் திருப்பும்படி மாற்றினோம். அடுத்த வாரம் இன்னொருவன் பேட்டரியைக் கழற்றி மாட்டினான். கடிகாரம் பூஜ்யத்துக்குப் போனது, பெட்டி பணிவாகத் திறந்தது. அதற்காக, மின்சாரம் போனாலும் நேரத்தை விடாமல் எண்ணும் கடிகாரச் சில்லும் அதற்கென்று ஒரு பட்டன் பேட்டரியும் சேர்த்தோம். செலவு ஏறியது. எங்கள் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவு இன்றுவரை அந்த மாடிதான் அக்கா.

ஓய்வுபெற்ற உளவியல் பேராசிரியை அம்மாவுக்கு நன்றி சொல்வதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு. எங்கள் முதல் படக்காட்சியில், அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் வால்டர் மிஷல் குழந்தைகள் முன் மார்ஷ்மெல்லோ மிட்டாயை வைத்து, உடனே தின்னாமல் காத்திருந்தால் கூடுதலாகக் கிடைக்கும் என்று சொல்லிச் செய்த சோதனையைப் பெரிதாகப் போட்டு, “காத்திருந்த குழந்தைகளே பிற்காலத்தில் முன்னேறினார்கள்” என்று எழுதியிருந்தோம். அதைப் பார்த்துவிட்டு நீங்கள் ஒரு டம்ளர் மோர் கொடுத்தீர்கள், பிறகு திட்டினீர்கள். 2018-இல் வேறு ஆய்வாளர்கள் ஏறக்குறைய தொள்ளாயிரம் குழந்தைகளை வைத்துத் திரும்பப் பார்த்தபோது அந்தத் தொடர்பு பாதியாகக் குறைந்ததையும், வீட்டு வசதியையும் தாயின் படிப்பையும் கணக்கில் எடுத்தால் இன்னும் சுருங்கிப்போனதையும் சொன்னீர்கள். அந்தப் பக்கத்தை அங்கேயே அழித்தோம். அதே மிஷல் கண்ட இன்னொன்றையும் சொன்னீர்கள்: மிட்டாய் கண்ணில் படாதபோது குழந்தைகள் அதிக நேரம் காத்திருந்தார்கள். “அப்படியிருக்க, உங்கள் மூடியை ஏன் கண்ணாடி மாதிரி செய்திருக்கிறீர்கள்?” என்று கேட்டீர்கள். அழகாக இருக்கிறது என்பதைத் தவிர எங்களிடம் பதில் இல்லை. இன்றைய மூடி கரும்பச்சை.

இனி சென்னை.

ஐந்து முதலீட்டாளர்கள் உட்கார்ந்திருந்தீர்கள். பத்து சதவீதப் பங்குக்கு நாற்பது லட்சம் கேட்டோம். இப்போது எழுதும்போது எனக்கே கூச்சமாக இருக்கிறது. என் கூட்டாளி (தொழிலில் கூட்டாளி, உறவில் பங்காளி, சித்தப்பா மகன்) முந்தின இரவு முழுக்க மனப்பாடம் செய்ததை ஒரே மூச்சில் ஒப்பித்தான். கெட்ட பழக்கத்துக்கு மணிக்கட்டில் மின் அதிர்ச்சி கொடுக்கும் பாவ்லாக் பட்டையை விற்க வந்த மனீஷ் சேத்தி, 2016-இல் அதே ஷார்க் டாங்க் மேடையில் முதலீட்டாளர்களில் ஒருவரான கெவின் ஓலியரியின் பணம் மட்டும் வேண்டாம் என்று மறுத்துவிட்டுப் போனதை உங்களில் ஒருவர் நினைவூட்டி, “நீங்களும் அப்படிச் சொல்வீர்களா?” என்று கேட்டீர்கள். நாங்கள் யார் பணத்தையும் மறுக்கும் நிலையில் இல்லை என்று உண்மையைச் சொன்னேன். சிரித்தீர்கள். அதோடு சிரிப்பு முடிந்தது.

ஏனென்றால் அடுத்தது செயல்விளக்கம். ஓரத்தில் உட்கார்ந்திருந்த ஐயா, நீங்கள் பெருந்தன்மையாக உங்கள் போனையே கொடுத்தீர்கள். ஐந்து நிமிடம் வைக்க நினைத்து ஐந்து சொடுக்குத் திருகினேன். குமிழ் பத்துப் பத்தாக ஏறும் முறையில் இருந்ததைப் பதற்றத்தில் பார்க்கவில்லை. ஐம்பது நிமிடம் பூட்டிக்கொண்டது. மூன்றாவது நிமிடத்தில் உள்ளிருந்து நாதஸ்வரம் கேட்டது. உங்கள் டிரைவர். பிறகு மீண்டும் நாதஸ்வரம். பிறகு, ஒலியை வைத்தே நீங்கள் கண்டுகொண்டதுபோல, வீட்டிலிருந்து. கூட்டாளி ஸ்க்ரூ டிரைவரைத் தேடி எழுந்தான். நான் அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தேன். ஏழு முறை மணி அடித்தது. கோபித்துக்கொள்ளாமல், “பூட்டு நன்றாகத்தான் இருக்கிறது” என்று மட்டும் சொன்னீர்கள்.

அந்த ஐம்பது நிமிடத்தில் எங்களை விடாமல் கேள்வி கேட்டது நடுவில் இருந்த அம்மையார். அடக்கவிலை என்ன, ஒரு மாதத்துக்குப் பிறகு எத்தனை பேர் இதைத் தொடுவார்கள், போனிலேயே இலவசச் செயலி இருக்கும்போது இது எதற்கு. இவற்றுக்குத் தட்டுத்தடுமாறிப் பதில் சொன்னோம். கடைசிக் கேள்விக்கு மட்டும் வாய் திறக்கவில்லை. திரையில் ஒரு தாய் மகனின் போனைப் பூட்டும் படம் இருந்தது. “குமிழைத் திருகுவது யார்? அம்மா திருகினால் அது சிறை. அதற்குத் தன்னடக்கம் என்று ஏன் பெயர் வைக்கிறீர்கள்?” சேரன் எக்ஸ்பிரஸில் ஊர் திரும்பும் வரை நாங்கள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

அந்தக் கேள்விக்குப் பதில் பக்கத்து வீட்டில் இருந்தது. ஓய்வுபெற்ற மின்வாரிய மாமா, நடந்ததை எல்லாம் கேட்டுவிட்டு எங்களை உங்கள் வீட்டு மீட்டர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினீர்கள். முறுக்குக் கம்பி, அதன் நுனியில் ஒரு சீல். “இதை அறுக்க எவ்வளவு பலம் வேண்டும்? ஒன்றும் வேண்டாம், கத்தரிக்கோல் போதும். ஆனால் அறுத்தது தெரியாமல் இருக்காது.” பெட்டிக்கு ஒரு பக்கக் கதவு வைத்து, அதில் ஒரு சீல் போட்டோம். ஆபத்து அவசரம் என்றால் யாரும் அறுக்கலாம். திருப்பி மாட்ட முடியாது, புதிதாகத்தான் போட வேண்டும். போனைப் பூட்டியவர் கைதி இல்லை என்று இப்போது எங்களால் சொல்ல முடிகிறது. தாய் படத்தை எடுத்துவிட்டோம். குறிப்புச்சீட்டின் முதல் வரி: போன் யாருடையதோ அவரே குமிழைத் திருக வேண்டும். இதனால் பெற்றோர்களிடம் விற்பனை குறைந்தது, பரீட்சைக்குப் படிக்கும் பெரியவர்களிடம் கூடியது. ஈரோட்டிலிருந்து ஒருவர், இரவில் அப்பா தடுக்கி விழுந்தபோது சீலை அறுத்து ஆம்புலன்ஸுக்குப் பேசியதாக எழுதி, இன்னொரு சீல் கட்டு கேட்டிருந்தார். அந்தக் கடிதத்தை உங்களிடம் கொண்டுவந்து காட்டினோம் மாமா. கண்ணாடியைத் தேடி எடுத்து இரண்டு முறை படித்தீர்கள்.

இரண்டாம் முறை சென்னைக்கு வந்தபோது பதினைந்து லட்சம்தான் கேட்டோம். கொடுத்தது கேள்வி கேட்ட அம்மையாரும் அவர் அழைத்துவந்த இன்னொருவரும். மறுத்த மற்ற மூவருக்கும் நன்றி. உங்களில் ஒருவர் அனுப்பிய இரண்டு பக்க மறுப்புக் கடிதத்தில் எங்கள் கணக்கின் இரண்டு தப்புகளைச் சிவப்பில் சுழித்திருந்தீர்கள். நாதஸ்வர ஐயா பணம் போடவில்லை, பெட்டி வாங்கினார். பத்து சதவீதத் தள்ளுபடி கேட்டார், கொடுத்தோம். உங்கள் டிரைவரிடம் எங்கள் வருத்தத்தைச் சொல்லுங்கள் ஐயா.

கடைசியாக, ரிமோட் தட்டிய தம்பிக்கு. மட்டை பாக்கி இருப்பது மறக்கவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை புதிய பெட்டியையும் திறந்துவிட்டாயாம், சீலைத் தொடாமலே. எப்படி என்று அக்கா கேட்டதற்குச் சொல்லமாட்டேன் என்றாயாம். இந்தச் சனிக்கிழமை மாலை நாங்கள் இருவரும் வருகிறோம். மட்டையோடுதான். யாரிடமும் சொல்லிவிடாதே.

அன்புடன்,
பெட்டிக்காரர்கள் இருவர்,
கோயம்புத்தூர்