புது பார்க்கிங் போடும் முன் பேருந்தை விட்டுப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் மாவட்ட ஆட்சியர் அலுவலகப் பெருந்திட்ட வளாகத்தில், கிழக்குப் பக்கத்து வேப்பமரங்களை எடுத்துவிட்டு இன்னொரு கார் நிறுத்துமிடம் போடப் போகிறார்கள் என்று பேச்சு. மரங்களுக்கு வெள்ளை பெயின்ட்டில் எண் போட்டாகிவிட்டது. மொத்தம் 14. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் மனுக் கொடுக்க வருகிறவர்கள் அந்த நிழலில்தான் உட்கார்ந்து சோற்றுப் பொட்டலத்தைப் பிரிக்கிறார்கள். மனு எழுதிக் கொடுப்பவர்களும் அங்கேதான் பலகை போட்டிருக்கிறார்கள்.

நான் பொதுப்பணித் துறையில் வரைதொழில் அலுவலராக 32 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு கார் எவ்வளவு இடத்தைத் தின்னும் என்பது எனக்குக் கணக்காகவே தெரியும். நிற்க மட்டும் இரண்டரை மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளம் வேண்டும். அதோடு முடியாது, உள்ளே வர, திரும்ப, பின்னால் எடுக்க வழி விட வேண்டும். எல்லாம் சேர்த்துத் திறந்தவெளியில் காருக்கு 23 சதுர மீட்டர் என்று வைத்துத்தான் திட்டம் போடுவோம். ஏறக்குறைய 250 சதுர அடி. நாங்கள் மூன்று பேர் வரைபலகை போட்டு வேலை பார்த்த அறை அதைவிடச் சின்னது. அவ்வளவு இடத்தைக் காலை பத்து மணியிலிருந்து மாலை 5.45 வரை அசையாமல் நிற்கும் ஒரு வண்டிக்குக் கொடுக்கிறோம்.

போன மாதம் என் அக்காவின் பட்டா மாறுதல் விஷயமாக அங்கே போயிருந்தேன். அக்காவுக்கு வயது 74, இரண்டு முழங்காலும் தேய்ந்துவிட்டன. திங்கள்கிழமை என்பதால் ஆட்டோவை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். நடந்து போனால், சாய்தளத்தை அடைத்தபடி ஒரு கார் நிற்கிறது. அக்கா பக்கவாட்டில் நுழையப் பார்த்தார், கார் கண்ணாடியில் முந்தானை மாட்டிக்கொண்டது. அப்புறம் என் தோளைப் பிடித்துக்கொண்டு, ஒரு படியில் இரண்டு காலையும் வைத்து நின்று நின்று, ஆறு படியை ஏறினார். மேலே போனதும் தூணில் சாய்ந்துகொண்டு ஒன்றும் பேசவில்லை. அந்த முகம் என்னை விடவில்லை.

அடுத்த திங்கள்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு காலை 9.30 முதல் 10.30 வரை வாசலில் நின்றேன். அரசு வாகனங்களைச் சேர்க்காமல் 86 கார்கள் உள்ளே போயின. அதில் 71 கார்களில் ஓட்டி வந்தவர் ஒருவர் மட்டும்தான்.

ஊழியர்களைக் குறை சொல்ல மாட்டேன். பத்து மணி அலுவலகத்துக்கு, பேருந்து நிலையத்திலிருந்து கிளம்பும் நகரப் பேருந்து பைபாஸ் நிறுத்தத்துக்கு வரும்போதே 10.15 ஆகிவிடுகிறது. அங்கிருந்து போர்டிகோ வரை 700 மீட்டர் இருக்கும், வழியில் ஒரு மரம் கிடையாது. மாலையில் அலுவலகம் 5.45க்கு முடிகிறது, பேருந்து 5.35க்கே போய்விடுகிறது. 2021 மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்கு டிக்கெட்டே இல்லை. இருந்தும் இங்கே வேலை பார்க்கும் பெண்கள் கடன் வாங்கி ஸ்கூட்டி ஓட்டுகிறார்கள் என்றால் காரணம் இந்த நேரக் குளறுபடிதான்.

ஆகவே முதலில், காலை 9.15க்கும் 9.30க்கும் இரண்டு நடை, மாலை 6 மணிக்கு இரண்டு வண்டி, வளாகத்துக்கு உள்ளேயே வந்து போகட்டும். போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளரையும் வளாகத்துப் பொறுப்பு அதிகாரியையும் ஒரு மேசையில் உட்கார வைத்தால் முடிகிற காரியம். போர்டிகோவை ஒட்டிய இடத்தை மாற்றுத்திறனாளிகள், முதியவர்கள், கர்ப்பிணிகள் வரும் வண்டிகளுக்கு ஒதுக்கிவிட்டு, அதிகாரிகளின் கார்கள் பின்னால் போகட்டும். தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சில வருடங்களுக்கு முன், புதன்கிழமைகளில் ஊழியர்கள் சொந்த வாகனத்தைத் தவிர்த்து வரும்படி செய்தது. எங்கள் வளாகத்துக்கு அந்த நாள் திங்களாக இருப்பதுதான் பொருத்தம். கூட்டம் வருவது அன்றைக்குத்தானே.

பார்க்கிங்குக்குக் காசு வாங்கலாமா என்று கேட்டால் சங்கத்தில் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். நானும் சங்கத்தில் இருந்தவன், தெரியும். சரி, வாங்க வேண்டாம், கொடுக்கலாம். அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணம் 1992ல் ஒரு சட்டம் போட்டது: பெரிய நிறுவனங்கள் வாடகைக்கு இடம் பிடித்து ஊழியர்களின் காரை இலவசமாக நிறுத்த விட்டால், அந்த இடம் வேண்டாம் என்பவருக்கு அதன் மதிப்பைப் பணமாகக் கொடுக்க வேண்டும். டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் அப்படிக் கொடுத்த எட்டு நிறுவனங்களை ஆராய்ந்தார். தனியாகக் காரில் வருகிறவர்கள் 17 சதவீதம் குறைந்திருந்தார்கள். நம் அரசு ஊழியருக்குக் கார் வாங்க முன்பணம் தருகிறது. பேருந்தில் வருகிறவருக்கு மாதம் ஒரு படி கொடுத்தால் என்ன?

மரத்தில் கோடாரி வைப்பதற்கு முன் இரண்டு மாதம் அந்தப் பேருந்துகளை விட்டுப் பார்க்கட்டும். அதன் பிறகு கார்களை எண்ணி முடிவெடுக்கட்டும். எண்ணுவதற்கு ஆள் வேண்டுமென்றால் நான் வந்து நிற்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற முதுநிலை வரைதொழில் அலுவலர்